லயத்துப் பானையும் புகைப் பரணும்

கரடி இறைச்சி எப்படி இருக்கும், அதை எப்படிச் சமைத்தால் ஆபத்தில்லை என்று சப்ரகமுவத் தோட்டங்களில் யாரும் கேட்டிருக்க வழியில்லை. இலங்கையின் கரடி வறண்ட வலயத்துப் பிராணி. யால, வில்பத்து, வஸ்கமுவ என்று பாலை மரமும் கறையான் புற்றும் நிறைந்த காடுகள்தான் அதன் இருப்பிடம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரி மலைச்சரிவில் அதற்கு வேலை இல்லை. கரடியோடு ஒரே காட்டில் வாழ்ந்த பழங்குடி வேடர்கூட அதைத் தின்னவில்லை. உடும்பையும் குரங்கையும் விரும்பிச் சாப்பிட்டவர்கள் எருமை, யானை, கரடி ஆகியவற்றைத் தொட மாட்டார்கள் என்று 1859-இல் எழுதிய எமர்சன் டெனன்ட், இதற்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை என்று குறிப்பிட்டார். அந்தப் பட்டியலில் எருமையையும் யானையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், மிச்சமுள்ள கரடி பிற பிராணியின் தசையை எப்போதாவது தின்னக்கூடியது. தசையிலிருந்து தசைக்குத் தாவும் புழு ஒன்று உண்டு. அப்படித் தின்னும் பிராணிகளில்தான் அது குடியிருக்கும். வேடர் இதை அறிந்துதான் விலக்கினார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு வழக்கம் நல்ல பலனைத் தந்தது என்பதும், அந்தப் பலனை அறிந்தே அது உண்டானது என்பதும் ஒன்றல்ல. முன்னோர் உணவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் அடிக்கடி தாண்டிப் போகும் வேறுபாடு இது.

சப்ரகமுவத் தோட்டங்களில் கரடிக்குப் பதிலாக நிற்பது காட்டுப்பன்றி. கரடியிலும் காட்டுப்பன்றியிலும் இருக்கக்கூடியது ஒரே பேரினத்துப் புழு; இரண்டுக்கும் சமையல் விதியும் கிட்டத்தட்ட ஒன்றே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் பலாங்கொடை, றக்வானை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் காட்டுப்பன்றிக் கறிக்கு என்று ஒரு முறை உருவானது: மஞ்சள் தடவுவது, மிளகை அள்ளிப்போடுவது, புளியோடு நெடுநேரம் கொதிக்கவிடுவது, மிஞ்சியதை அடுப்புக்கு மேலே பரணில் புகையூட்டுவது. இந்த முறை முழுவதும் முன்னோர் மருத்துவ அறிவோடு வகுத்தது என்று இன்று பெருமையாகச் சொல்கிறார்கள். சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறுவிதமாகப் படுகிறது. ரேஷன் அரிசியும், வேட்டைச் சட்டமும், ஓயாத மழையும் சேர்ந்து உண்டாக்கிய முறை இது. அதில் ஒரு பாதி, அதாவது பானை, தற்செயலாக மிகப் பாதுகாப்பானதாக அமைந்துவிட்டது. மறுபாதியான பரணுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே பெருமையில் கட்டி வைப்பதால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

சப்ரகமுவ மலைகளில் காட்டிறைச்சி தின்பது புதிதல்ல. குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்ப லென, கித்துல்கலவில் பெலி லென ஆகிய குகைகளைச் சிரான் தெரணியகல அகழ்ந்தபோது மழைக்காட்டு மனிதனின் எச்சில் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. முப்பதாயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட அந்த மனிதர் தின்றதில் பெரும்பங்கு குரங்கும் அணிலும் நத்தையும். ஆனால் அந்தக் குகைக்கும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கும் நேர்கோடு போட முடியாது. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி கூட்டி வந்தவர்களுக்கு இந்த ஈரக்காடு முற்றிலும் அந்நியம். அவர்களுக்கும் காட்டுப்பன்றிக்கும் இடையில் உறவை உண்டாக்கியது தோட்டமேதான். காட்டை வெட்டித் தேயிலையும் ரப்பரும் வைத்தபோது ஓடைக்கரையிலும் பாறையிடுக்கிலும் துண்டு துண்டாகக் காடு மிஞ்சியது. அதன் ஓரத்திலேயே லயம், லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் வற்றாளையும் நட்ட சிறு தோட்டம், கீழே சிங்களக் கிராமத்தின் பலாவும் கித்துளும். கிழங்கு தோண்டித் தின்னும் பன்றிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை. 1992-இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போன பிறகு பராமரிப்பில்லாமல் விடப்பட்ட ரப்பர் மலைகள் புதர் மண்டியதும் பன்றிக்கு இன்னொரு வசதி.

மறுபக்கம் சாப்பாட்டுத் தட்டு. தோட்டம் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதோடு பருப்பும் கருவாடும். இறைச்சி என்பது தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் உரியது. 1973-74 பஞ்சத்தில் அரிசிப் பங்கு சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவு நேர்ந்த காலத்தில் மரவள்ளிக் கிழங்குக்கே அடிதடி. அந்தக் கிழங்கைத் தோண்ட வரும் பன்றி எதிரியாகவும் உணவாகவும் ஒரே நேரத்தில் ஆனதில் வியப்பில்லை. ஆனால் அதைப் பிடிப்பது யார் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் நுவரெலியாவில் நாய்களை விட்டு மரை வேட்டையாடிய காலத்திலிருந்தே வேட்டை என்பது துரைமாரின் விளையாட்டு. 1894-இல் அந்த விளையாட்டுக்காரர்களும் தோட்ட முதலாளிமாரும் சேர்ந்துதான் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதே சங்கம் இன்று நாட்டின் மூத்த வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பாக இருக்கிறது; இந்த வரலாற்று விநோதத்தை அதன் உறுப்பினர்களே மறுப்பதில்லை. 1937-இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையை மேலும் இறுக்கியது. துவக்கு துரையின் பங்களாவிலும் கிராமத்து வயற்காரர் சிலரிடமும் இருந்தது. லயத்துக்காரரிடம் இருந்தது சுருக்குக் கம்பியும் நாயும். பிடிபட்ட பன்றியை வெளிச்சத்தில் வைத்து விற்கவோ, ஆற அமரப் பக்குவப்படுத்தவோ முடியாது. இரவோடிரவாக அறுத்து, பங்கு பிரித்து, விடிவதற்குள் அடுப்பேற்றிவிட வேண்டும்.

அறுக்கும் இடத்தில் நடப்பதைப் பார்த்தால் சமையல் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி அதில் பன்றியைப் புரட்டுவார்கள். மயிர் கருகி நாறும். கத்தியின் முதுகால் சுரண்டச் சுரண்டக் கறுப்புத் தோல் மஞ்சளாகத் தெளியும். தோலை உரித்து எறிவதில்லை. கொழுப்போடு ஒட்டிய அந்தத் தோல்தான் ருசிக்காரர்கள் தேடுவது. பிறகு எலும்போடு சேர்த்துச் சிறு துண்டுகளாகக் கொத்தி வாழையிலையில் கூறு வைப்பார்கள்: சுருக்கு வைத்தவனுக்கு ஒன்று, தூக்கி வந்தவர்களுக்கு ஒன்று, கண்டும் காணாமலும் இருந்தவருக்கு ஒன்று. எல்லாக் கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் தோல், கொஞ்சம் எலும்பு விழவேண்டும் என்பதால் துண்டு பெரிதாக இருக்க முடியாது. வீட்டிலோ, அந்தத் துண்டும் சோற்றுக்குக் குழம்பாக விரிய வேண்டும். அம்மியில் அரைத்த செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், கைநிறைய மிளகு; தோட்டத்துப் பக்கம் பழப்புளி, கிராமத்துச் சிங்களச் சமையலில் கொறுக்காப்புளி. காலம் போகப் போக இரண்டு புளியும் இரண்டு அடுப்புக்கும் மாறி மாறிப் போயின. கிழட்டு ஆண்பன்றியின் தோல் சீக்கிரம் மசியாது. ஒன்றரை மணி, இரண்டு மணி கொதித்துத் தோல் விரலால் அமுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகே இறக்குவார்கள்.

ருசி எங்கிருந்து வருகிறது என்பதில் உலகெங்கும் வேட்டைக்காரர் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள். பழம் தின்று கொழுத்த வடஅமெரிக்கக் கரடி இனிக்கும் என்பார்கள், ஆற்றில் மீன் தின்ற கரடி வாயில் வைக்க முடியாது என்பார்கள். நாற்றமும் மணமும் தங்குவது கொழுப்பில். அதனால் அங்கே பலர் கரடிக் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். பலா உதிரும் காலத்துப் பன்றிக்குத் தனி மதிப்பு வைக்கும் நம்மூர்க்காரரும் இதையேதான் சொல்கிறார், ஆனால் கொழுப்பை எறியாமல். கெட்ட வாடையை அடக்கும் வேலையை மிளகும் புளியும் பார்க்கின்றன. சமையலில் மசாலாவின் பங்கு அவ்வளவுதான். அதற்கு மேல் மருந்து என்ற பட்டத்தைக் கட்டுவதுதான் வம்பு.

புழு விஷயத்துக்கு வருவோம். ட்ரிக்கினெல்லா என்ற அந்த நுண்புழுவை 1835-இல் இலண்டனில் பிணம் அறுத்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஜேம்ஸ் பாஜெட் மனிதத் தசையில் கண்டார். அது உயிரைக் குடிக்கும் என்பது 1860-இல் ட்ரெஸ்டனில் பிரெடரிக் சென்கர் ஒரு வேலைக்காரப் பெண்ணின் உடலைச் சோதித்தபோதுதான் தெளிவானது. அவள் வேலை செய்த பண்ணையின் பன்றி இறைச்சியிலும் அதே புழு இருந்தது. 1865-இல் ஜெர்மனியின் ஹெடர்ஸ்லேபன் கிராமத்தில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்று 101 பேர் இறந்தார்கள். பன்றி இறைச்சியைப் பச்சையாகக் கொத்தி ரொட்டியோடு தின்பது அங்கே வழக்கம். புழுவின் வழி எளிது: தசையில் உறைக்குள் உறங்கும் குஞ்சு, தின்றவரின் வயிற்று அமிலத்தில் உறை கரைந்து வெளிவரும், குடலில் வளர்ந்து குட்டி போடும், குட்டிகள் இரத்தத்தோடு போய்த் தின்றவரின் தசையிலேயே உறை கட்டும். முதலில் வயிற்றுப்போக்கு, சில வாரம் கழித்துக் காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், உடம்பெல்லாம் தசைவலி. துண்டின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொட்டால் குஞ்சு செத்துவிடும்.

இந்த ஒரு எண்ணை வைத்து லயத்துப் பானையை அளந்தால், அது தேவைக்கு மேலேயே நிற்கிறது. சிறு துண்டு, நிறையத் தண்ணீர், இரண்டு மணிக் கொதி. நடுவில் வேகாமல் போக இடமே இல்லை. ஆனால் துண்டு சிறிதானது பங்குக்காக. தண்ணீர் நிறைந்தது சோற்றுக்காக. கொதி நீண்டது தோலுக்காக. இவற்றில் ஒன்றுகூடப் புழுவை நினைத்துச் செய்ததல்ல. பலன் மட்டும் புழுவின் தலையில் விழுந்தது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் தென் டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் கரடி இறைச்சியைச் சுட்டுப் பரிமாறியபோது ஆறு பேருக்கு இந்த நோய் வந்தது. கனடாவில் வேட்டையாடிய கரடி. 45 நாள் உறைபெட்டியில் இருந்த இறைச்சி. கரடித் தசை இயல்பிலேயே கருநிறம் என்பதால் வெந்ததா இல்லையா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, வேகாமலே பரிமாறிவிட்டார்கள். நோயுற்றவர்களில் இருவர் இறைச்சியையே தொடவில்லை, அதோடு சேர்த்துச் சுட்ட காய்கறியை மட்டும் தின்றவர்கள். காட்டுப்பன்றி இறைச்சியும் கருத்ததுதான். லயத்துக்காரர் நிறத்தைப் பார்க்கவில்லை, தோல் நசுங்குகிறதா என்று பார்த்தார். நிறத்தைவிட அது எவ்வளவோ நம்பகமான சோதனை.

மஞ்சளும் மிளகும் விஷத்தை முறிக்கும் என்று இங்கே ஒருவர் குறுக்கிடுவார். மஞ்சளுக்குச் சில நுண்ணுயிர்களை மட்டுப்படுத்தும் குணம் உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததுதான். கொறுக்காப்புளியின் புளிப்பு இறைச்சி கெடுவதைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. ஆனால் தசை நாருக்குள் உறை போர்த்திக் கிடக்கும் புழுவை மேலே தடவிய மஞ்சள் எட்டாது. மஞ்சளைக் கொட்டி அரைவேக்காட்டில் இறக்கிய இறைச்சி அரைவேக்காட்டு இறைச்சிதான். இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமானது: ஊர்ப்பன்றி சேற்றிலும் மலத்திலும் புரளும், காட்டுப்பன்றி கிழங்கு தின்னும் சுத்தப் பிராணி என்பது. ஊர்ப்பன்றியைத் தொடாத குடும்பங்கள்கூடக் காட்டுப்பன்றிக்கு விலக்குத் தந்தது இதனால்தான். சாதிப் பார்வையிலும் சாமி வழக்கிலும் இதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம். உடல்நலக் கணக்கில் இது தலைகீழ். கொட்டிலில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த பன்றியில் ட்ரிக்கினெல்லா அரிதாகிவிட்டது. அமெரிக்காவில் இன்று இந்த நோய் பெரும்பாலும் காட்டு விலங்கின் இறைச்சியிலிருந்தே வருகிறது. காட்டுப்பன்றி கிழங்கோடு நிற்பதில்லை. செத்த எலியும் அழுகிய பிணமும் அதற்கு உணவுதான்.

இனிப் பரண். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மான் வத்தல், மரை வத்தல் என்று உப்பிட்டு வெயிலில் காயவைப்பார்கள். சப்ரகமுவ வானம் அதற்கு இடம் தராது. வெயிலில் போட்ட கண்டம் மாலை மழையில் நனைந்து மறுநாள் நூலாய்ப் புழுத்துவிடும். ஆகவே உப்பும் மஞ்சளும் தடவிக் கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். விறகடுப்பு காலையும் மாலையும் எரியும் வீட்டில் நாலைந்து நாளில் இறைச்சி கருத்து இறுகிவிடும். கெடாமல் காக்கும் உத்தியாக இது கெட்டிக்காரத்தனம். கொல்லும் உத்தியாக நம்ப முடியாதது. புகை மேற்புறத்தை உலர்த்துகிறது, ஈயை விரட்டுகிறது. துண்டின் நடுவில் 71 பாகை ஏற்றும் வேலையை அது செய்யாது. உப்பிடுதலும் உலர்த்தலும் புகையூட்டலும் இந்தப் புழுவை உறுதியாகக் கொல்வதில்லை என்பது இன்று உலகம் முழுவதும் சொல்லப்படும் எச்சரிக்கை. மரப்பொந்தில் தேனூற்றி இறைச்சியைப் போட்டுக் களிமண்ணால் அடைத்து வைக்கும் வேடர் முறையை ரொபர்ட் நொக்ஸ் 1681-இல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். அதையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். தேன் அழுகலைத் தடுக்கும், புழுவுக்கு எமன் அல்ல. பரணிலிருந்து எடுத்ததை மறுபடி குழம்பில் கொதிக்கவிட்டால் கவலையில்லை. கள்ளுக்கோ கசிப்புக்கோ தொட்டுக்கொள்ளத் தணலில் ஒரு வாட்டு வாட்டிக் கடிக்கும்போதுதான் கவலை தொடங்குகிறது.

அப்படியானால் தாத்தா பாட்டி எல்லாம் பரண் இறைச்சி தின்று எண்பது வயது வாழ்ந்தார்களே என்பது வலுவான எதிர்வாதம். வாழ்ந்தார்கள். எல்லாப் பன்றியிலும் புழு இருப்பதில்லை; இருந்தாலும் சில குஞ்சுகளை மட்டும் விழுங்கியவருக்கு நோய் தெரியாமலே போகலாம். ஆனால் நோய் வந்திருந்தால் யார் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1934-35 மலேரியாக் கொள்ளையில் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்; மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலை ஒன்று. இடதுசாரித் தலைவர்களான என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அவர்களின் தோழர்களும் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய், அதன் பின் 1936 தேர்தலில் ருவன்வெல்லவிலும் அவிசாவளையிலும் வென்றது இந்தப் பின்னணியில்தான். காய்ச்சலும் உடம்புவலியும் வீட்டுக்கு வீடு இருந்த அந்தக் காலத்தில், பன்றிக்கறி தின்று மூன்று வாரம் கழித்து வரும் காய்ச்சலையும் உடம்புவலியையும் தோட்டத்து டிஸ்பென்சர் கொயினா கொடுத்து அனுப்பியிருப்பார். தசையைக் கீறி நுண்ணோக்கியில் பார்க்க ஆளும் இல்லை, காரணமும் இல்லை. பதிவில் நோய் இல்லை என்பதிலிருந்து உடம்பில் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இந்தியாவின் உத்தராகண்டில் ஒரு கிராமத்து விருந்தில் சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவர்களிடையே இந்நோய் பரவி உயிர்களும் போயின. கொத்தாக ஆட்கள் விழுந்ததால்தான் மருத்துவர் தேடினார்கள், தேடியதால்தான் தெரிந்தது.

புழுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சப்ரகமுவவுக்கு உரிய பெரிய ஆபத்து நழுவிவிடும். அது பானைக்கும் பரணுக்கும் முன்பே, அறுக்கும் இடத்தில் இருக்கிறது. எலிக்காய்ச்சல் மிகுந்த மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் எப்போதும் முன்வரிசை. 2008-இல் நாடு முழுவதும் 7,000-க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானார்கள். வயலும் மாணிக்கக் குழியும்தான் முதற்காரணம் என்றாலும், எலியைப் போலவே பன்றியும் அந்தக் கிருமியைச் சிறுநீரில் சுமக்கும். இரவில் டோர்ச் வெளிச்சத்தில், தேயிலைக் கவ்வாத்துக் கத்தி கீறிய விரலோடு, சுருக்கில் நெடுநேரம் கிடந்து வயிறு உப்பிய பன்றியின் குடலைக் கையால் வாரி எடுப்பவருக்கு இரண்டு மணிக் கொதியால் ஒரு பயனும் இல்லை. சமைத்தவர்களும் தின்றவர்களும் தப்பிக்க, அறுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். சட்டத்துக்கு மறைந்து அவசரமாகச் செய்யும் வேலை என்பதே இந்த ஆபத்தை வளர்த்தது. கையுறை போட்டு, குடல் கிழியாமல் இறக்கி, ஈரலில் கொப்புளம் உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்கும் நிதானம் திருட்டு வேட்டையில் வாய்க்காது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது பழைய சமையலை மட்டம் தட்டுவது ஆகாதா என்று கேட்கலாம். என் எண்ணம் நேர்மாறு. இல்லாமையிலிருந்து உண்டான ஒரு சமையல், மருத்துவ நூல் விதித்த எண்ணை அறியாமலே தாண்டி நின்றது என்பது, அறிந்தே செய்தார்கள் என்ற கதையைவிடச் சுவையானது, உண்மையும்கூட. அறிந்தே செய்தார்கள் என்று சொல்லும்போது, கொதிக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு பங்கு மஞ்சளுக்கும் புகைக்கும் போய்விடுகிறது. இப்போது நடப்பது அதுதான். லயங்களில் கேஸ் அடுப்பு வந்து பரண் மறைகிறது. குக்கர் வந்ததால் இரண்டு மணிக் கொதி அரைமணியாகச் சுருங்கினாலும் வேக்காடு குறையவில்லை. ஆனால் குழம்பின் இடத்தை நகரத்து வாடிவீட்டு மோஸ்தரில் டெவல் பிடித்துக்கொண்டிருக்கிறது: பெரிய துண்டு, கொதிக்கும் எண்ணெய், ஐந்து நிமிடம், மேலே சோஸும் மிளகும். மேற்புறம் கருகி நடுப்பகுதி வேகாமல் நிற்கும் சமையல் இது. உறைபெட்டியில் கிடந்த இறைச்சிதானே என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பன்றியில் காணும் வழக்கமான புழு வகை, பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியஸில் இருபது நாள் இடைவிடாமல் உறைந்தால் சாகும். மின்சாரம் வந்து வந்து போகும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு அந்தக் குளிரை இருபது நாள் பிடித்துவைக்காது. வடக்கே குளிர்நாட்டுக் கரடியில் இருக்கும் புழுவோ உறைந்தாலும் சாகாத இனம். தென் டகோட்டாக்காரர்களின் 45 நாள் வீணானது அதனால்தான்.